டிரிப்பர் ஏன் சில நேரம் மட்டும் விழுகிறது?

கும்பகோணத்தில் அம்மா இருக்கும் வீட்டில் மாசி மாதம் டிரிப்பர், அதாவது கரன்டைத் தானே வெட்டும் பாதுகாப்பு ஸ்விட்ச், விழ ஆரம்பித்தது. தினமும் இல்லை. வாரத்துக்கு இரண்டு நாள், மூன்று நாள். பெரும்பாலும் ராத்திரி சாப்பாடு முடிந்து ஏசி போட்ட பிறகு. போய்த் தூக்கிவிட்டால் விழாமல் நின்றுவிடும். எலக்ட்ரீசியன் வந்து பார்க்கும் பகல் நேரத்தில் எல்லாம் ஒழுங்காக ஓடும்.

ஏசியின் மேல்தான் எல்லோருக்கும் சந்தேகம். ஏசி மெக்கானிக் வந்து கழுவித் துடைத்து, ஒன்றும் இல்லை என்று சொல்லிப் போனார். அடுத்து வந்த எலக்ட்ரீசியன், கரன்ட் கசிந்தால் விழும் ஆர்சிசிபியையே மாற்றினார். பத்து நாள் கழித்துப் புதியதும் விழுந்தது. மூன்றாவதாக வந்தவர், "ஈபி லைன்ல ஏத்த இறக்கம் இருக்கும்மா, இதைத் தூக்கிட்டு நேராக் கொடுத்துடட்டுமா?" என்று கேட்டிருக்கிறார். அம்மா எனக்குப் போன் செய்தது அப்போதுதான். "எதையும் எடுக்க விடாதம்மா, விழும்போதெல்லாம் என்ன ஓடிச்சுன்னு ஒரு நோட்டுல எழுதி வை, அடுத்த மாசம் வர்றேன்" என்றேன்.

தொழிற்சாலை மின் பராமரிப்பு வேலையில் இருக்கிறவன் நான். அங்கே இந்த மாதிரி விட்டுவிட்டு வரும் கோளாறுக்கு நேரம் ஒதுக்குவார்கள், கருவி கொடுப்பார்கள். வீடுகளில் இரண்டுமே கிடைப்பதில்லை. அதனால்தான் நல்ல ஆர்சிசிபியைக் கழற்றி வீசுவதும், உயிர் காக்கும் கருவியைத் தாண்டி நேர் இணைப்புக் கொடுப்பதும் நடக்கின்றன. கோளாறு காரணமில்லாமல் வருவதில்லை. அது வெளியே தெரிவதற்கு வேறொரு நிலைமை சேர வேண்டும், அவ்வளவுதான். அந்த நிலைமை என்ன என்று கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது.

முதலில், விழுந்தது எது? கேட்டால் ‘டிரிப்பர்’ என்றுதான் பதில் வரும். ஆனால் வீட்டு லைன்கள் பிரியும் டிபி பாக்ஸுக்குள் இருப்பவை இரண்டு வகை. ஒல்லியாக வரிசையில் நிற்பவை எம்சிபி. ஒயர் தாங்குவதைவிட அதிகக் கரன்ட் போனாலோ, ஷார்ட் ஆனாலோ விழும். அகலமாக, ‘டெஸ்ட்’ அல்லது ‘டி’ என்று எழுதிய சின்னப் பொத்தானோடு இருப்பது ஆர்சிசிபி. பழைய பெயரில் இன்னும் பலர் ஈஎல்சிபி என்கிறார்கள். இது கரன்ட் கூடினாலும் கவலைப்படாது, வெளியே கசிந்தால் மட்டும் விழும். எது விழுந்தது என்று தெரியாமல் கோளாறு தேடுவது, ஊர் பெயர் தெரியாமல் பஸ் ஏறுவது மாதிரி. ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால்கூடப் போதும்.

எம்சிபி விழுவதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். ஸ்விட்சைப் போட்ட நொடியில் விழுந்தால் ஷார்ட், அல்லது தொடக்கத்தில் பல மடங்கு கரன்ட் இழுக்கும் மோட்டார். அரை மணி நேரம் ஓடிவிட்டு விழுந்தால் சூடு. உள்ளே ஒரு ஈருலோகப் பட்டை இருக்கிறது. அது சூட்டில் வளைந்து விசையைத் தட்டிவிடும். 16 ஆம்பியர் எம்சிபி 16.1-ல் விழாது. 1.13 மடங்கு வரை ஒரு மணி நேரம் தாங்க வேண்டும், 1.45 மடங்கு போனால் ஒரு மணி நேரத்துக்குள் விழ வேண்டும் என்பதுதான் அதற்கான வரையறை. அந்தப் பட்டைக்குச் சூடு எங்கிருந்து வந்தது என்று தெரியாது. ஸ்க்ரூ லூசாக இருந்து அந்த முனை கொதித்தாலும் வளையும். மேற்கு வெயில் அடிக்கும் சுவரில் டிபி இருந்து, சித்திரை மாதம் என்றால் சீக்கிரமாகவே வளையும். எனவே எம்சிபி தாமதமாக விழுந்தால், மெயினை அணைத்துவிட்டு முனைகளை முறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். முனைக்குப் பக்கத்தில் ஒயரின் மேலுறை பழுப்பேறிச் சுருங்கியிருந்தால் அதுதான் இடம். 16-ஐ எடுத்துவிட்டு 32 போட்டால் விழாது என்பது உண்மைதான். அப்புறம் சுவருக்குள் இருக்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர்தான் சூடாகும், அதை யாரும் பார்க்க முடியாது.

இனி ஆர்சிசிபி. சிக்கலெல்லாம் இங்கேதான்.

இதன் வேலை கணக்குப் பார்ப்பது. ஃபேஸ் வழியாக வீட்டுக்குள் போன கரன்டும் நியூட்ரல் வழியாகத் திரும்பிய கரன்டும் ஒன்றாக இருக்கிறதா? இரண்டு ஒயரும் உள்ளே ஒரு காந்த வளையத்துக்குள் நுழைந்து போகின்றன. போனதும் வந்ததும் சமமாக இருந்தால் வளையத்தில் காந்தப்புலம் எழாது. கொஞ்சம் குறைந்தால், குறைந்தது வேறு வழியில், அதாவது எர்த் வழியிலோ ஒரு மனித உடல் வழியிலோ போயிருக்கிறது என்று பொருள். வீடுகளில் போடுவது 30 மில்லி ஆம்பியர் வகை. அதன் வரையறைப்படி 15-க்குக் கீழே விழக் கூடாது, 30-ல் கட்டாயம் விழ வேண்டும். இரண்டுக்கும் நடுவில் எங்கே வேண்டுமானாலும் விழலாம். ஒரே கசிவுக்கு ஒரு கம்பெனிக் கருவி விழுந்து இன்னொன்று நிற்பதற்கு இந்த இடைவெளிதான் காரணம். மாற்றிய பிறகு பத்து நாள் நிம்மதியாக இருந்ததும் அதனால்தான்.

இந்தக் கருவி நியூட்ரல் கசிவையும் பார்க்கிறது. இதை எலக்ட்ரீசியன்களே பல நேரம் மறந்துவிடுகிறார்கள். நியூட்ரலில் டெஸ்டர் எரியாது, தொட்டால் அடிக்காது, அதனால் அது ஒன்றும் செய்யாது என்று ஒரு நினைப்பு. நியூட்ரலான ஒரு கறுப்பு ஒயர் எங்கேயோ சுவருக்குள் எர்த்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் ஒன்றும் ஓடாதபோது நியூட்ரலில் வோல்டேஜ் ஏறக்குறைய இல்லை, எனவே அந்தத் தொடுப்பின் வழியே ஒன்றும் போகாது. ஆர்சிசிபி விழாமல் நிற்கும். இப்போது ஏசியும் ஹீட்டரும் சேர்ந்து 15 ஆம்பியர் இழுக்கின்றன. டிபியிலிருந்து கம்பம் வரை 30 மீட்டர் 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் என்றால் அதன் மின்தடை கிட்டத்தட்ட 0.14 ஓம். 15 ஆம்பியர் அதில் திரும்பிப் போகும்போது சுமார் 2 வோல்ட் நியூட்ரலில் ஏறி நிற்கும். இந்த 2 வோல்டுக்கு எர்த் வழியாக ஒரு குறுக்குப் பாதை கிடைத்திருக்கிறது. உங்கள் எர்த் குழி, மண், டிரான்ஸ்ஃபார்மர் எர்த் எல்லாம் சேர்த்து 20 ஓம் என்றால் 100 மில்லி ஆம்பியர் அந்த வழியில் நழுவும். ஆர்சிசிபிக்கு 30 போதும்.

இதில் கவனியுங்கள்: ஏசியில் ஒரு குறையும் இல்லை. அது ஓடியதால் நியூட்ரலில் வோல்டேஜ் ஏறியது, கோளாறு வேறொரு அறையில். ஏசியை அணைத்தால் விழுவது நிற்பதால் பழி மட்டும் ஏசி மேல் விழுகிறது. உங்கள் வீட்டு லோடுதான் என்றும் இல்லை. தெருவே மாலையில் ஏசி போடும்போது, மூன்று ஃபேஸும் சமமாக இல்லாவிட்டால், கம்பத்து நியூட்ரலிலேயே ஒன்றிரண்டு வோல்ட் நிற்கும். பக்கத்து வீட்டுக்காரர் ஏசி போட்டதற்கு உங்கள் வீட்டில் டிரிப் ஆகலாம்.

தூக்கிவிட்டால் நிற்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. விழுந்ததும் எல்லா லோடும் போய்விட்டது. தூக்கும்போது வீடு காலியாக இருக்கிறது. ஏசி கம்ப்ரஸர் உடனே ஓடாது, மூன்று நிமிடம் போல் பொறுத்துத்தான் எடுக்கும். அதற்குள் நீங்கள் சரியாகிவிட்டது என்று நினைத்துப் படுக்கப் போயிருப்பீர்கள்.

எல்லா ஸ்விட்சையும் அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கும் வழக்கமான முறை இங்கே ஏமாற்றுவதும் இதனால்தான். சுவர் ஸ்விட்ச் ஃபேஸை மட்டும் வெட்டுகிறது. ஒற்றை முனை எம்சிபியும் அப்படியே. நியூட்ரலும் எர்த்தும் வெட்டுப்படாமல் பொருளுக்குள் போய்க்கொண்டே இருக்கும். ஸ்விட்ச் அணைந்திருக்கும் வாஷிங் மெஷின்கூட நியூட்ரல் கசிவால் ஆர்சிசிபியை விழவைக்க முடியும். ஆகவே ஸ்விட்சை அணைத்தால் போதாது, பிளக்கைப் பிடுங்க வேண்டும். எல்லாப் பிளக்கையும் பிடுங்கிய பிறகும் விழுகிறதென்றால் கோளாறு சுவருக்குள், லைட்டு ஃபேன் பக்கம், அல்லது மோட்டாருக்குப் போகும் கேபிளில்.

இன்னொரு நியூட்ரல் கதை, மாடிப்படி லைட். மாடி கட்டும்போது இரண்டாவது ஆர்சிசிபி போடுவார்கள். படிக்கட்டு லைட்டுக்குக் கீழ் வீட்டு ஃபேஸைக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் கிடைத்த மாடி நியூட்ரலைக் கோத்துவிடுவார்கள். லைட் எரியும். ஆனால் கீழ் ஆர்சிசிபி வழியாகப் போன கரன்ட் அதற்குத் திரும்பவில்லை, மேல் ஆர்சிசிபிக்கு அதன் வழியாகப் போகாத கரன்ட் வந்து சேர்கிறது. ஒரு 9 வாட் எல்இடி பல்பு குறைந்தது 39 மில்லி ஆம்பியர் எடுக்கும், உடனே விழும். அங்கே 5 வாட் பல்பு இருந்தால் 22-ஐ ஒட்டியும் வரலாம். 15-க்கும் 30-க்கும் நடுவில். ஒரு நாள் விழும், ஒரு நாள் விழாது. பல்பை மாற்றிய நாளிலிருந்து கோளாறு ஆரம்பித்தது என்று ஒரு வீட்டில் சொன்னபோது யாரும் நம்பவில்லை, ஆனால் அவர்கள் சொன்னது சரி. இன்வெர்ட்டர் போட வருகிறவர்கள் நியூட்ரலை ஆர்சிசிபிக்கு முன்னாலிருந்து எடுத்துவிடுவதும் இதே தவறுதான். இன்வெர்ட்டர் போட்ட வாரத்தில் தொல்லை தொடங்கியிருந்தால் முதலில் அங்கே பாருங்கள்.

பொருள்களின் கசிவுக்கும் தனித்தனிக் குணம் உண்டு. ஹீட்டர், இஸ்திரிப் பெட்டி, கெட்டில் பெரும்பாலானவற்றில் கம்பிச்சுருளுக்கும் உலோகக் குழாய்க்கும் நடுவில் மக்னீசியம் ஆக்சைடு பொடி அடைத்திருக்கும். நல்ல மின்காப்பு, ஆனால் ஈரத்தை உறிஞ்சும். முனையில் ஈரம் புகாமல் அடைத்த சீல் வெடிப்பு விட்ட ஹீட்டரை ஒரு மாதம் போடாமல் வைத்துவிட்டுப் போட்டால் விழும். இரண்டு மூன்று தடவை சூடானதும் ஈரம் வெளியேறிச் சரியாகிவிடும். ஐப்பசியில் மறுபடியும் வரும். குழாயிலேயே விரிசல் என்றால் நேர்மாறு. குளிர்ந்திருக்கும்போது நிற்கும், பத்து நிமிடம் சூடானதும் விரிசல் திறந்து விழும்.

நடுராத்திரி மூன்று மணிக்கு, யாரும் எதையும் தொடாதபோது விழுகிறதா? ஃபிராஸ்ட் ஃப்ரீ ஃபிரிட்ஜைச் சந்தேகப்படுங்கள். பல மணி நேரத்துக்கு ஒரு முறை அது உள்ளே சேர்ந்த பனியை உருக்க ஒரு சின்ன ஹீட்டரைத் தானே போட்டுக்கொள்ளும். அந்த ஹீட்டர் ஈரத்திலேயே வாழ்கிறது. கரன்ட் போய் வந்தால் சில ஃபிரிட்ஜ்களில் மணிக்கணக்கு முதலிலிருந்து தொடங்குவதால், தூக்கிவிட்டதும் நின்றுவிடும், அடுத்த முறை வரை அடையாளமே இருக்காது.

தனியாக எதிலும் குற்றமில்லாமல், எல்லாம் சேர்ந்து விழுவதும் உண்டு. வாஷிங் மெஷின் மாதிரி மோட்டார் உள்ள, எர்த் தேவைப்படும் நிலையான பொருளுக்கு 3.5 மில்லி ஆம்பியர் வரை கசிவு விதிமுறையிலேயே அனுமதி. ஹீட்டருக்குக் கிலோவாட்டுக்கு 0.75. கம்ப்யூட்டர், இன்வெர்ட்டர் ஏசி இவற்றின் வடிகட்டிக் கெபாசிட்டர்கள் எர்த்துக்குக் கொஞ்சம் விட்டுக்கொண்டே இருக்கும். முழு வீட்டுக்கும் ஒரே ஆர்சிசிபி என்றால் எப்போதும் 10, 12 மில்லி ஆம்பியர் கசிந்தபடி விளிம்பில் நிற்கலாம். இடி இடித்தால் போதும், விழும். இதற்கு மருந்து, வீட்டை இரண்டு மூன்று ஆர்சிசிபியாகப் பிரிப்பது. முடிந்தவர்கள் ஹீட்டர், ஏசி, மோட்டார் ஒவ்வொன்றுக்கும் ஆர்சிபிஓ போடலாம். எம்சிபியும் ஆர்சிசிபியும் ஒன்றாகச் சேர்ந்த கருவி அது. எது கசிகிறதோ அது மட்டும் விழும், தேடும் வேலையே பாதியாகக் குறையும்.

மழையும் இருக்கிறது. கேட் தூண் விளக்கு, மொட்டைமாடி பிளக் பாயிண்ட், போர் மோட்டார் கேபிளின் ஜாயின்ட், இவற்றில் தண்ணீர் இறங்குவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். காய இரண்டு நாள் ஆகும் என்பதால் மழை விட்ட பிறகும் விழும். அதிகம் தெரியாத ஒன்று: நியூட்ரல் எர்த்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் வீட்டில், கோடையில் காய்ந்து கிடந்த எர்த் குழி மழையில் நனைந்தால் அதன் மின்தடை குறையும், குறுக்குப் பாதை எளிதாகும். ஒயரில் ஒரு சொட்டுத் தண்ணீர் படாமலே மழைக்கு மட்டும் விழும் வீடு இப்படி உருவாகிறது.

ஆகவே எலக்ட்ரீசியனைக் கூப்பிடும் முன் ஒரு நோட்டு போடுங்கள். டிபி பக்கத்திலேயே கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். தேதி, மணி, விழுந்தது எது, அப்போது ஓடிக்கொண்டிருந்தவை, கடைசியாகப் போட்டது, மழையா, கரன்ட் போய் வந்ததா. பத்துப் பதிவு சேர்ந்தால் கோளாறு தானே பேச ஆரம்பிக்கும்.

அம்மா நோட்டில் நான் போவதற்குள் 11 பதிவுகள் இருந்தன. 9-ல் ஏசி ஓடியிருந்தது. மீதி இரண்டில் இல்லை. ஒன்று காலை 6.20, ஹீட்டரும் மோட்டாரும். இன்னொன்று ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஹீட்டரும் மிக்ஸியும் கிரைண்டரும். அந்த இரண்டு வரிகள்தான் ஏசியை விடுவித்தன. ஒன்பதுக்கும் இரண்டுக்கும் பொதுவாக இருந்தது அதிக லோடு மட்டுமே.

மெயினை அணைத்து, எல்லாப் பிளக்கையும் பிடுங்கி, ஏசியையும் இன்வெர்ட்டரையும் கழற்றிவிட்டு, ஆர்சிசிபிக்குப் பின்னால் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில், மின்காப்பு எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று அளக்கும் 500 வோல்ட் மெக்கரை வைத்தேன். 1 மெக் ஓமுக்கு மேல் காட்ட வேண்டியது, 0.00 காட்டியது. நியூட்ரல் பட்டையில் ஏழு கறுப்பு ஒயர்கள். ஒவ்வொன்றாகக் கழற்றி மெக்கரை வைத்ததில் ஐந்தாவது மட்டும் பூஜ்யம், பின்படுக்கையறைக்குப் போவது. இந்த வேலையை மெயின் அணையாமல் யாரும் செய்யக் கூடாது. லோடு இருக்கும்போது கழற்றிய நியூட்ரல் ஃபேஸ் மாதிரியே அடிக்கும். மெயினுக்கு முன்னாலுள்ள முனைகள் எப்போதும் உயிரோடுதான் இருக்கும். லைசென்ஸ் உள்ள வயர்மேன் செய்ய வேண்டிய வேலை இது. மெக்கர் இல்லாமல் வருகிறவரிடம், ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்துக் கவ்வி மில்லி ஆம்பியரில் கசிவு பார்க்கும் கிளாம்ப் மீட்டராவது இருக்கிறதா என்று கேளுங்கள்.

அந்த அறையில் மூன்று ஸ்விட்ச் போர்டுகள். மூன்றாவது பிளேட்டைக் கழற்றும்போது கீழ் ஸ்க்ரூ வந்துகொண்டே இருந்தது. அரை அங்குலம் போதும் என்கிற இடத்தில் ஒன்றேகால் அங்குல ஸ்க்ரூ. அதன் நுனி, பெட்டிக்குள் மடித்துத் திணித்திருந்த கறுப்பு ஒயரின் மேலுறையில் குத்தி நின்றது. பெட்டி இரும்பு, எர்த் ஆனது. ஒயரில் கடுகளவு செம்பு தெரிந்தது. பொங்கலுக்குப் பெயின்ட் அடித்தவர்கள் பிளேட்டுகளைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். ஒரு ஸ்க்ரூ தொலைந்து, கையில் கிடைத்ததைப் போட்டிருக்கிறார்கள். தையில் யாரும் ஏசி போடவில்லை. மாசியில் போட்டார்கள்.

"பெயின்ட் அடிச்சதுக்கும் இதுக்கும் என்னடா சம்பந்தம்?" என்று அம்மா அந்த ஸ்க்ரூவைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். வீட்டில் அண்மையில் யார் வந்து எதைத் தொட்டார்கள் என்ற கேள்வியும் அந்த நோட்டில் இருந்திருக்க வேண்டும். நானும் சொல்ல மறந்துவிட்டேன்.

ஒயரை மாற்றி, குட்டை ஸ்க்ரூ போட்டு மெக்கர் வைத்தபோது 200 மெக் ஓமைத் தாண்டியது. ஏசி, ஹீட்டர், மோட்டார், கிரைண்டர் எல்லாவற்றையும் ஒன்றாக ஓடவிட்டுக் கால் மணி நேரம் டிபி முன்னால் நின்றோம். பிறகு ‘டெஸ்ட்’ பொத்தானை அமுக்கிப் பார்த்தேன், உடனே விழுந்தது. மாதம் ஒரு முறை அப்படி அமுக்கிப் பார்க்க வேண்டும் என்று நோட்டின் அட்டையில் எழுதிவைத்தேன். கசிவு வந்தும் விழாத ஆர்சிசிபிதான் ஆபத்தானது. விழுகிற தொல்லை தாங்காமல் பொருளின் எர்த் ஒயரைக் கத்தரித்துவிடும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். டிரிப் ஆவது நிற்கும், ஆனால் ஃபிரிட்ஜின் உடம்பு முழுக்கக் கரன்ட் வந்து நிற்கும். அடுத்து அதைத் தொடுகிறவர்தான் எர்த்.

நோட்டு இன்னும் அங்கேயே தொங்குகிறது. சித்திரையில் அம்மா கையெழுத்தில் ஒரே ஒரு வரி சேர்ந்திருக்கிறது: "சாயங்காலம் 4.10. பெரிய இடி. பெரிசு விழுந்தது. தூக்கினேன், நின்றது."